கோழிகள் தெளிவு, நீ மட்டும் வெள்ளை

என் சாமிக்கு,

போன வாரம் நீ போனில் கேட்ட கேள்விக்கு அப்போதே ஒரு பதில் சொன்னேன். அதை மறந்துவிடு. எனக்கே அவ்வளவாகப் பிடிக்காத பதில் அது. சரியான பதில் நேற்று மத்தியானம் கிடைத்தது. கிடைத்ததிலிருந்து எனக்கு ஓரிடத்தில் இருப்புக்கொள்ளவில்லை. பால் பொங்கி வழிந்து அடுப்பே அணைந்து போய்விட்டது. உங்கப்பா இரண்டு தடவை எட்டிப் பார்த்து, "ஏம் புள்ள, போனப் போட்டுச் சொல்லீறலாமல்லோ, எதுக்கு எழுதிக்கிட்டு உக்காந்திருக்கறே?" என்றார். போனில் சொன்னால் நான் பாதியில் அழுதுவிடுவேன், நீ மீதியில் அழுதுவிடுவாய், விஷயம் நடுவில் தொலைந்துவிடும். எழுதினால் நீ நிதானமாகப் படிக்கலாம், மாப்பிள்ளைக்கும் படித்துக் காட்டலாம். உங்களைப் போலவே பிள்ளைக்காகக் காத்திருக்கிறவர்கள் ஒரு குழுவில் இருக்கிறார்கள் என்றாயே, அவர்களிடமும் காட்டு. இதில் ஒளிக்க ஒன்றும் இல்லை.

வெள்ளிக்கிழமை நீயும் மாப்பிள்ளையும் போய் அந்தப் பையனைத் தத்தெடுத்து அழைத்து வரப்போகிறீர்கள். கையெழுத்தெல்லாம் ஆயிற்று, கட்டில் வந்துவிட்டது, தொட்டிச் செடிகளைக்கூட எட்டாத உயரத்துக்கு மாற்றிவிட்டாய். ஆனால் போன வாரம் பார்க்கப் போனபோது அவன் அந்தக் குழந்தைகள் இல்லத்து ஆயாவின் சேலைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு, உன்னைப் பார்க்கவே மாட்டேன் என்று அழுதானாம். அன்று சாயந்திரம் நீ கூப்பிட்டாய். "அம்மா, நானும் இப்படித்தான் அழுதனா? நீங்க என்னைய இழுத்துக்கிட்டு வந்தீங்களா, நானா வந்தனா? நெசத்தச் சொல்லுங்க. ஒரு கொழந்தையப் புடுங்கிக்கிட்டு வாரமோன்னு பயமா இருக்குதுங்கம்மா" என்றாய். நான் பழக்க தோஷத்தில், "நீ சிரிச்சுக்கிட்டே வந்தே சாமி" என்றேன்.  நீ "செரிங்கம்மா" என்று போனை வைத்துவிட்டாய். உன்னுடைய அந்த "செரிங்கம்மா"வை எனக்கு நன்றாகத் தெரியும். நம்பாதபோதுதான் நீ அப்படிச் சொல்வாய்.

நீ ஏன் நம்பவில்லை என்பதும் தெரியும். மூன்று வயதில் உன்னைத் தத்தெடுத்து இந்த வீட்டுக்கு அழைத்து வந்த நாளைப் பற்றி நம்மிடம் ஒன்றல்ல, மூன்று கதைகள் இருக்கின்றன. காரை விட்டு இறங்கியதும் நீ என் முந்தானையைத்தான் பிடித்தாய் என்பது என் கதை. வீடியோ எடுத்துக்கொண்டிருந்த தன்னைப் பார்த்துத்தான் நேராக ஓடி வந்தாய் என்பது உங்கப்பாவின் கதை. ஆலாத்தி எடுக்கிற தட்டோடு வாசலில் நின்ற தன்னிடம்தான் முதலில் கையை நீட்டினாய் என்பது உங்கப்பாவின் அக்கா, திருச்செங்கோட்டு அத்தையின் கதை. ஒவ்வொரு நோம்பிக்கும் எல்லோரும் வீட்டில் கூடும்போது இந்த வழக்கு நடக்கும். நீ நடுவில் உட்கார்ந்து முறுக்கைக் கடித்துக்கொண்டே கேட்பாய். சாட்சிக்கு அந்த வீடியோ கேசட் இருந்தது. போட்டால் திரை முழுக்கச் சுண்ணாம்பு அடித்த மாதிரி வெள்ளை. அதற்குள் பேச்சுச் சத்தம் மட்டும் கேட்கும்.

அது வெள்ளையானதற்குக் காரணம் கோழி. மாப்பிள்ளை இதைக் கேட்டால் சிரிப்பார், சிரிக்கட்டும். உன்னை அழைத்து வரப்போகிறோம் என்பதற்காகவே உங்கப்பா ஆசையாசையாக ஒரு கேமரா வாங்கினார். உன்னை அழைக்கப் போவதற்கு முந்தின நாள் பொழுது சாய, நம் கோழிப்பண்ணையின் கடைசிக் கொட்டகையில் சில கோழிகள் கழுத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றன. நாமக்கல்லில் டாக்டரிடம் காட்டலாம் என்று அவற்றைப் படம் எடுத்தார். கொட்டகைக்குள் இருட்டு. கேமராவின் பக்கத்தில் வெளிச்சத்தைக் கூட்டுகிற சின்னச் சக்கரம் ஒன்று இருந்தது, அதைக் கடைசி வரைக்கும் திருகிவிட்டார். மறுநாள் அதைத் திருப்பி வைக்க யாருக்கு ஞாபகம்? கல்யாணச் சந்தடியில் தாலி கட்ட மறந்த கதைதான். நல்ல வெயிலில், நம் வாசலில், நீ முதல்முதலாகக் கால் வைத்ததை எல்லாம் அந்தக் கொட்டகை வெளிச்சத்திலேயே எடுத்திருக்கிறார். அதே கேசட்டில் முதலில் வருகிற கோழிகளைப் பார்க்க வேண்டுமே. ஒவ்வொன்றின் கொண்டையும் தனித்தனியாகத் தெரிகிறது, சீக்கு வந்த கோழி கண்ணை மூடித் திறப்பது தெரிகிறது. கோழிகள் தெளிவு, நீ மட்டும் வெள்ளை. இதை வைத்து அந்த மனிதரை நான் எவ்வளவு பேசியிருப்பேன் என்று உனக்கே தெரியும்.

அந்த வெள்ளைக்குள் கேட்கிற சத்தம் நமக்கெல்லாம் மனப்பாடம். கார்க் கதவு சாத்துகிறது. எல்லோரும் ஒரே நேரத்தில், "வா சாமி, இங்க வா, எங்கிட்ட வா" என்று கத்துகிறோம். உன் சத்தம் மட்டும் எங்கேயும் இல்லை. பிறகு சட்டென்று எல்லோரும் அடங்கிப் போகிறோம். அப்புறம் உங்கப்பாவிடம் சொல்கிற அத்தையின் குரல்: "பார்றா, வந்ததும் வராததுமா உன்ற வேலையவும் சேத்திப் பாக்கறா." உடனே எல்லோரும் விழுந்து விழுந்து சிரிக்கிறோம். என்ன வேலை, எதற்குச் சிரிப்பு, இத்தனை வருஷமாக ஒருவருக்கும் நினைவில்லை. நீ கேமராவைப் பிடுங்கியிருப்பாய், அதைத்தான் அத்தை சொன்னாள் என்று உங்கப்பா ஒரு கதை கட்டி வைத்திருந்தார்.

நீ "செரிங்கம்மா" என்று வைத்த மறுநாளே கேசட்டைத் தேடி எடுத்துக்கொண்டு சேலத்துக்குப் பஸ் ஏறினேன். பழைய கேசட்டுகளைக் கம்ப்யூட்டருக்கு மாற்றித் தருகிற ஸ்டுடியோக்காரர் போட்டுப் பார்த்துவிட்டு, "ஏனுங்கம்மா, கோழியெல்லாம் நல்லா இருக்குதுங்க. அப்பறம் வாரது பூரா வெள்ளைங்க. அதுவும் வேணுங்களா?" என்று சந்தேகமாகக் கேட்டார். "அதுதாங்க வேணும், கோழிய நீங்களே வெச்சுக்குங்க" என்றேன். நல்ல மனிதர். சுருக்கிக் கொடுத்தால் இருப்பதும் போய்விடும் என்று, கேசட்டில் உள்ளதை அப்படியே பெரிய ஃபைலாக மாற்றிக் கொடுத்தார்.

நீ விட்டுப்போன பழைய லேப்டாப்பின் முன்னால் உட்கார்ந்தேன். வீடியோவைத் திருத்துவதற்கு இலவசமாகவே ஒரு மென்பொருள் இருக்கிறது, சொல்லிக் கொடுப்பதற்கு யூட்யூபில் ஊர்ப்பட்ட ஆட்கள் இருக்கிறார்கள். முதலில் எல்லோரும் செய்கிற தப்பைத்தான் நானும் செய்தேன். வெளிச்சத்தை மொத்தமாகக் குறைத்தேன். வெள்ளையாக இருந்தது அரிசி களைந்த தண்ணீர் நிறத்துக்கு மாறியது, அவ்வளவுதான், அதற்குள் ஒன்றும் தெரியவில்லை. உங்கப்பா பின்னால் நின்றுகொண்டு, "அது வெந்து போச்சு புள்ள, வெந்த சோத்தத் திரும்ப அரிசியாக்க முடியுமா?" என்றார். வேக வைத்ததே அவர்தான். போய்ச் செடிக்குத் தண்ணீர் விடச் சொல்லிவிட்டேன்.

அப்புறம்தான் ஒரு சங்கதி பிடிபட்டது. படத்தில் எங்கெங்கே எவ்வளவு வெளிச்சம் என்பதை வரைந்து காட்டுகிற ஒரு கட்டம் அதில் இருக்கிறது. மேலே ஒரு கோடு. டிவி அந்தக் கோடு வரைக்கும்தான் காட்டும். அதைத் தாண்டினால் எல்லாமே அதற்கு ஒரே வெள்ளை. ஆனால் கேமரா அந்தக் கோட்டுக்கு மேலேயும் கொஞ்சம் பதிந்து வைத்திருக்குமாம். நம் வாசலைப் போட்டுப் பார்த்தேன். கோட்டுக்கு மேலே ஒரு பக்கம் சுவர் மாதிரித் தட்டையாக நின்றது. அது நிஜமாகவே வெந்துபோனது, அதில் யாராலும் ஒன்றும் செய்ய முடியாது. ஆனால் இன்னொரு பக்கம் ஏறி இறங்கி, அலை அலையாக இருந்தது. அலை இருந்தால் அங்கே ஏதோ உருவம் இருக்கிறது என்று அர்த்தம். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் பார்த்தேன் சாமி. இத்தனை வருஷமாக நாம் வெள்ளை வெள்ளை என்று திட்டிக்கொண்டிருந்ததற்குள் ஏதோ ஒன்று பத்திரமாக உட்கார்ந்திருந்திருக்கிறது.

அடியில் இருக்கிற இருட்டை அசைக்காமல், மேலே இருக்கிற வெளிச்சத்தை மட்டும் பிடித்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறக்கினேன். முதலில் வந்தது ஆலாத்தித் தண்ணீரின் சிவப்பு. தட்டு தெரியவில்லை, அத்தையின் கை தெரியவில்லை, சிவப்பு வட்டம் மட்டும் காற்றில் ஆடியது. நான் போட்ட சத்தத்தில் உங்கப்பா தண்ணீர்க் குழாயை அப்படியே போட்டுவிட்டு ஓடி வந்தார். அப்புறம் நம் செங்காவித் தரை, படியின் விளிம்பு, என் பச்சைச் சேலையின் கரை. நேரம் போனதே தெரியவில்லை. அன்றைக்குச் சோறாக்கினது உங்கப்பாதான், ரசத்தில் உப்பே இல்லை, அதுவும் ருசியாகத்தான் இருந்தது.

உன் முகம் வரவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏமாறாதே. நீ நின்ற இடத்தில் தலையிலும் முகத்திலும் வெயில் நேராக அடித்திருக்கிறது, அது சுவர் மாதிரித் தட்டையாக நின்ற பகுதி. உங்கப்பாவுக்கு மனசு கேட்கவில்லை. யாரோ சொன்னார்கள் என்று போனில் ஒரு ஆப்பை இறக்கி, அதற்குள் அந்தப் படத்தைப் போட்டார். இல்லாததை அதுவே நிரப்பித் தருமாம். தந்தது. ஒரு சிவத்த குழந்தை, கன்னத்தில் குழி, நெற்றியில் சுருள் முடி. அவர் பூரித்துப் போய், "இங்க பாரு, வந்துட்டா" என்று நீட்டினார். "ஆருங்க இது?" என்றேன். நீ வந்தபோது உனக்கு மொட்டையடித்து அப்போதுதான் முள்ளு முள்ளாக முடி முளைத்திருந்தது. கன்னத்தில் குழியும் இல்லை. அவரும் உற்றுப் பார்த்தார். பிறகு தானே அழித்துவிட்டார். உன் முகம் இருக்கிற இடத்தில் வேறு எவளோ ஒருத்தி முகத்தை ஒட்டுவதற்கு வெள்ளையே தேவலை. நாங்கள் ஆசைப்பட்டதெல்லாம் நடந்ததைப் பார்க்கத்தான்.

அதனால் நானும் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். நீ சிரித்துக்கொண்டு வரவில்லை. கிளம்பினதிலிருந்து ராசிபுரம் வரைக்கும் கார் சீட்டின் மூலையில் ஒட்டிக்கொண்டு, சத்தமே வராமல் அழுதாய். என் மடிக்கு வரவில்லை. பிஸ்கட்டை வாங்கிக் கையிலேயே வைத்திருந்தாய், தின்னவில்லை. ஒரு குழந்தையை அதன் ஊரிலிருந்து பிடுங்குகிறோமோ என்று நீ இப்போது பயப்படுகிறாயே, அதே பயம் அந்தக் காருக்குள் எனக்கும் இருந்தது. வீட்டுக்கு வந்ததும் இன்னொரு காரியமும் செய்தேன். நீ போட்டு வந்த பழைய கவுனைக் கழற்றி, புதுக் கவுன் போட்டு, பழையதை எங்கேயோ தள்ளிவிட்டேன். நீ அதைத் தேடி வீடெல்லாம் நடந்தாய். எதைத் தேடுகிறாய் என்றுகூட எனக்குப் புரியவில்லை. அதனால் சொல்கிறேன், அந்தப் பையன் போட்டு வருகிற சட்டையைத் துவைக்கக்கூட அவசரப்படாதே. அழுக்காக இருந்தாலும் அவன் தலைமாட்டில் கிடக்கட்டும். அவனுக்குத் தெரிந்த வாசனை அது ஒன்றுதான்.

இப்போது நேற்று மத்தியானத்துக்கு வருகிறேன். முகம் போனால் போகட்டும் என்று கீழே தரைப் பக்கம் வேலையை ஆரம்பித்தேன். படியடியில் ஒரு இடம் மட்டும் மற்ற இடத்தைவிட நன்றாகத் தெளிந்து வந்தது. ஏன் என்று பார்த்தால், உன்னைச் சுற்றி நெருக்கியடித்து நின்ற எங்கள் எல்லோருடைய நிழலும் அங்கேதான் விழுந்திருக்கிறது. அந்த நிழலுக்குள் வெயில் ஏறவில்லை, அதனால் வேகவில்லை. அதற்குள் நம் செருப்பு விடும் இடம் தெரிந்தது. கோழிச் சீக்குக் காலோடு வந்துவிடும் என்று, பண்ணைக்குப் போகிற செருப்பைப் படிக்கு இடப்பக்கமும் வீட்டுச் செருப்பை வலப்பக்கமும் தனித்தனியாக விடுவோமே, மாற்றி விட்டால் விருந்தாளி என்றுகூடப் பார்க்காமல் உங்கப்பா சத்தம் போடுவாரே, அந்த இரண்டு வரிசையும் அப்படியே தெரிந்தன. வலப்பக்கம் என் செருப்பு. பக்கத்தில் உங்கப்பா கேமராவோடு ஓடின அவசரத்தில் உதறிவிட்ட செருப்பு, அதில் ஒன்று கவிழ்ந்து கிடக்கிறது.

அதற்குள் இரண்டு சின்னப் பாதங்கள் வருகின்றன. நீ சாமி. முழங்காலுக்கு மேலே வெள்ளை, கீழே நீ. மேலே எல்லோரும் "எங்கிட்ட வா, எங்கிட்ட வா" என்று கத்திக்கொண்டிருக்கிறோம். நீ யாரிடமும் போகவில்லை. என்னிடம் வரவில்லை, உங்கப்பாவிடம் ஓடவில்லை, அத்தையிடம் கையை நீட்டவில்லை. குத்துக்காலிட்டு உட்கார்ந்து உன் செருப்பின் வாரைக் கழற்றினாய். ஒன்று சீக்கிரம் வந்தது, இன்னொன்று மாட்டிக்கொண்டது. அங்கேதான் நாங்கள் எல்லோரும் சட்டென்று அடங்கிப் போகிறோம். இரண்டையும் கையில் எடுத்துக்கொண்டு நடந்து போய், வலப்பக்கத்து வரிசையில், என் செருப்புக்குப் பக்கத்தில் வைத்தாய். இடது வலது மாற்றி வைத்தாய். அப்புறம் இரண்டெட்டு வைத்து, கவிழ்ந்து கிடந்த உங்கப்பா செருப்பைத் திருப்பி நேராக வைத்தாய். அந்த நொடியில்தான் அத்தையின் குரல்: "பார்றா, வந்ததும் வராததுமா உன்ற வேலையவும் சேத்திப் பாக்கறா." அதற்குத்தான் அத்தனை பேரும் சிரித்திருக்கிறோம்.

நானும் உங்கப்பாவும் அதைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தோம். அவர் துண்டை எடுத்து முகத்தை மூடிக்கொண்டார். நாங்கள் எல்லோரும் கண்ணால் பார்த்து, சிரித்து, அப்புறம் சுத்தமாக மறந்துபோன ஒன்று இது. எல்லோருக்கும் உன் முகத்தைப் பார்க்கிற அவசரம், உன் காலை யார் பார்த்தார்கள்? அத்தையைக் கூப்பிட்டு வீடியோவைப் போட்டுக் காட்டினேன். அவள் முழுசாகப் பார்த்துவிட்டு மூக்கைச் சிந்திக்கொண்டு, "நாந்தான் அன்னிக்கே சொன்னனல்லோ, எம் பக்கந்தான் மொதல்ல வந்தா" என்கிறாள். இனி அந்த வழக்கைத் தீர்க்க அந்தக் கடவுளாலும் முடியாது.

நீ கெட்டிக்காரி, உடனே கேட்பாய்: நான் இருந்த இல்லத்தில் பிள்ளைகளுக்குச் செருப்பை வரிசையாக விடப் பழக்கியிருப்பார்கள், அதைத்தானே செய்தேன் என்று. ஆமாம், அப்படித்தான் இருக்கும். நான் அதை ஒன்றும் தெய்வச் செயல் என்று சொல்லவில்லை. ஆனால் திரும்பிப் போகப் போகிறோம் என்று நினைக்கிற பிள்ளை செருப்பைக் கழற்றாது. நீ கேட்ட கேள்விக்கு இதுதான் பதில். நீ அழுதாய். நீயாகவும் வந்தாய். இரண்டும் ஒரே நாளில், ஒரே பிள்ளைக்கு நடந்தது. ஆயா சேலைக்குப் பின்னால் நின்று அழுகிற பையனுக்கும் அது நடக்கும். நம்மை மாதிரி எல்லோரும் சுற்றி நின்று கையை நீட்டிக் கூப்பாடு போடாதீர்கள். அவனுக்குக் கொஞ்சம் தரையை விடுங்கள். நானும் உங்கப்பாவும் அடுத்த வாரம்தான் வருவோம். இப்போதே பை கட்டி வைத்துவிட்டார், நான்தான் பிடித்து வைத்திருக்கிறேன்.

வீடியோவைத் தனியாக அனுப்பியிருக்கிறேன். நிறம் கொஞ்சம் பச்சையாக இருக்கும், என்னால் முடிந்தது அவ்வளவுதான். வெள்ளிக்கிழமை யார் படம் எடுத்தாலும், போன் திரையில் அவன் முகத்தை ஒருதரம் விரலால் தொட்டுவிட்டு எடுக்கச் சொல், வெளிச்சம் தானாக அடங்கும். கோழிகள் இல்லாத வீடு, ஆனாலும் சொல்லி வைக்கிறேன். காலையும் சேர்த்து எடுக்கச் சொல். வாசலில் உன் செருப்புக்குப் பக்கத்தில் அவனுக்குக் கொஞ்சம் இடம் விட்டு வை. மாப்பிள்ளையின் செருப்பு கவிழ்ந்து கிடந்தால் நீ நிமிர்த்தாதே, அப்படியே கிடக்கட்டும்.

உன் அம்மா